அப்பா குடிக்கிறார், குழந்தைக்கு யார்? குழந்தைகள் நலக் குழுவை முதன்முறையாக நாடுகிறவர்களுக்கு

என் அண்ணனின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு நான் முதன்முதலாக, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தபோது மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஏழு. அண்ணி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அண்ணன் காலையில் கண் விழித்ததும் குடிக்கத் தொடங்கியிருந்தார். எத்தனை குவார்ட்டர், யாரிடம் எவ்வளவு கடன், எந்தத் தெருவில் யாரோடு சண்டை என்று ஒரு பெரிய பட்டியலை மனத்தில் சுமந்துகொண்டு போயிருந்தேன். குழுவில் இருந்த ஒரு அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சின்னவன் பக்கம் திரும்பி, "ராத்திரி எங்கே படுத்துக்கொள்வாய் கண்ணு?" என்றார். "அப்பா வண்டிச் சத்தம் கேட்டால் மாடிப்படிக்கு அடியில்" என்றான். அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் சொன்னவற்றில் பாதியைக்கூட அவர் எழுதவில்லை.

அந்த அறையில் முதல் கேள்வி குழந்தைக்கு என்ன நடக்கிறது என்பதுதான். பெற்றவர் எவ்வளவு குடிக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. இது தெரியாமல் போனதால் எனக்குப் பல மாதங்கள் வீணாயின. தமிழ்நாட்டில் இதே நிலையில் இருக்கும் பாட்டிகளுக்கும் சித்திகளுக்கும் மாமன்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அந்த மாதங்கள் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். இளைஞர் நீதிச் சட்டம், 2015 என்பதன்கீழ்தான் இந்தக் குழு இயங்குகிறது. 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. குழந்தையைக் காயப்படுத்துகிற, கவனிக்காமல் விடுகிற ஒருவரோடு வசிக்கும் குழந்தையும், குழந்தையைப் பேணத் தகுதியற்றவர் அல்லது இயலாதவர் என்று குழு முடிவு செய்த பெற்றோரின் குழந்தையும் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" ஆகும். சட்டத்தின் இந்த வாசல் வழியாகத்தான் நாம் உள்ளே போகிறோம்.

இன்றிரவே ஆபத்து என்றால்

குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, குழந்தையே கூட அழைக்கலாம். அடி, கத்தி, தீ என்று உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 112. அழைக்கும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். குழந்தையின் வயது, இப்போது எங்கே இருக்கிறது, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், கடைசியாக என்ன நடந்தது என்று நான்கு செய்திகளைச் சொன்னால் அவர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

ஆபத்து நேரத்தில் குழந்தையை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்களா? செய்ய வேண்டியதுதான். ஆனால் வந்த கையோடு 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவித்துவிடுங்கள். குழந்தையை மீட்டவர்கள் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால், மறுநாள் தெளிந்து எழும் தகப்பனார் நேராகப் போய், "என் பிள்ளையைக் கடத்திவிட்டார்கள்" என்று புகார் கொடுப்பார். சட்டத்தின் பார்வையில் அவர் இன்னும் பாதுகாவலர். அந்தப் புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டே உங்கள் நாட்கள் போகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தால் அது குடும்பத்தில் கூடிப் பேசும் விஷயம் இல்லை. போக்சோ சட்டம், 2012-இன்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம்.

நோட்டுப் புத்தகம்

இன்றிரவு ஆபத்து இல்லை, ஆனால் நாள்தோறும் தேய்ந்துகொண்டிருக்கும் குழந்தை என்றால், 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். நான் செய்தவற்றில் மிகவும் உதவியது இதுதான். தேதி, நேரம், நீங்களே கண்ணால் பார்த்தது, குழந்தை சொன்ன வார்த்தை. இவை மட்டும் போதும். "எப்போதும் குடி, எப்போதும் சண்டை" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புலப்படாது. என் நோட்டிலிருந்து ஒரு நாள்: "செவ்வாய், காலை 8.10. மூத்தவள் தம்பிக்குத் தலை சீவிவிட்டாள். இருவரும் சாப்பிடவில்லை. அரிசி டிரம்மில் வண்டிச் சாவி கிடந்தது. ஏன் என்று கேட்டேன். அப்பா மறுபடி வண்டி எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று ஒளித்து வைத்ததாகச் சொன்னாள்."

ஒன்பது வயதுப் பிள்ளை தகப்பனின் உயிருக்குக் காவல் காக்கிறாள். அதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

நோட்டோடு வேறு சிலவற்றையும் சேருங்கள். பள்ளி வருகைப் பதிவு பெரும் உதவி. எத்தனை நாள் வரவில்லை, எத்தனை நாள் தாமதம், வகுப்பில் தூங்குகிறதா என்பதை வகுப்பாசிரியர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அதன் எடையே வேறு. அங்கன்வாடிக் குழந்தை என்றால் எடைப் பதிவு. அடிபட்டு அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டு. குழந்தையை அனுப்பி மது வாங்கி வரச் சொல்வது, குடிக்கக் கொடுப்பது போன்றவை நடந்திருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பதற்கும், மதுவையோ போதைப் பொருளையோ கொண்டுபோக, விற்கக் குழந்தையைப் பயன்படுத்துவதற்கும் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை உண்டு. "சும்மா ஒரு வாய்தானே" என்று சொல்லும் உறவினர்கள் இதை அறிய வேண்டும்.

குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரைப் படம் எடுத்துச் சேர்க்காதீர்கள். நான் எடுத்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை. மூத்தவள் அதை என் போனில் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். நானும் முதலில் தவறான இடத்துக்குப் போனேன். ஓர் அலுவலகத்தில், "குடும்பச் சண்டையைக் குடும்பத்துக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாய்மொழியாகச் சொன்னேன், எழுதிக் கொண்டுபோகவில்லை. திருப்பி அனுப்ப அவர்களுக்கு அது எளிதாகிவிட்டது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் இடம் சொல்வார்கள். வெள்ளைத் தாளில் மனு எழுதி இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நேராகக் குழுவிடமும் மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. வக்கீல் வேண்டும் என்று தோன்றினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

தாய் உயிரோடு இருக்கிறார், அவரும் அடி வாங்குகிறார் என்றால் வழி வேறு. அப்போது முதலில் போக வேண்டியது குடும்ப வன்முறைப் புகார்களுக்கென்று மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம், அல்லது பெண்கள் உதவி எண்ணான 181-க்கு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன்கீழ் நீதித்துறை நடுவர் பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடலாம். குடித்து அடிப்பவரை அந்த வீட்டை விட்டு வெளியேறச் சொல்லவும் உத்தரவிடலாம். பெரும்பாலான வீடுகளில் தாயும் பிள்ளைகளும்தான் மூட்டை கட்டிக்கொண்டு நள்ளிரவில் தெருவில் நிற்கிறார்கள். குழந்தை தன் படுக்கையில் படுத்துத் தன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்க, மற்றவர் வெளியேறலாம் என்று சட்டம் சொல்வதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

பிரிந்து வாழும் தாயும் தகப்பனும் பிள்ளை யாரிடம் இருப்பது என்று மோதுகிறார்கள் என்றால் அது குடும்ப நீதிமன்றத்தின் வேலை. குழுவை அதற்கு இழுக்காதீர்கள்.

குழுவின் முன்னால்

ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண். நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு, ஆனால் அந்த அறை நீதிமன்றம் போலத் தோன்றக் கூடாது என்பது விதி. குழந்தையோடு முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுவார்கள். மாதத்தில் குறைந்தது 20 நாட்கள் குழு கூட வேண்டும். கூடாத நேரத்தில் தனி ஒரு உறுப்பினர் முன்னாலும் குழந்தையை நிறுத்தலாம்.

ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, தாய் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் இருப்பதை எடுத்துப் போங்கள். இல்லாததற்காகக் காத்திருக்க வேண்டாம். குழந்தைக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து அழைத்துப் போங்கள். கையில் தண்ணீரும் பிஸ்கட்டும் இருக்கட்டும், காத்திருப்பு நீளும்.

குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள். "அப்பா அடிப்பார் என்று சொல்" என்று ஒப்புவிக்கப் பழக்கிய பிள்ளையை அனுபவமுள்ள உறுப்பினர் இரண்டே கேள்வியில் கண்டுகொள்வார். அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மைக்கும் மதிப்பு குறையும். முதல் நாள் இரவு நான் பிள்ளைகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்குச் சிலர் உங்களிடம் பேசுவார்கள். உண்மையைச் சொல்லுங்கள். அப்பாவைப் பிடிக்கும் என்றால் அதையும் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அத்தை கோபித்துக்கொள்ள மாட்டேன்." சின்னவன் அப்பாவிடம்தான் போக வேண்டும் என்று அழுதான். அதையும் எழுதிக்கொண்டார்கள். குடிக்கிற தகப்பனையும் பிள்ளைக்குப் பிடிக்கும். அந்த அன்பை உங்களுக்கு எதிரான வாக்குமூலமாக எண்ண வேண்டாம்.

நீங்கள் பேசும்போது குழந்தையின் காதில் விழும்படி தகப்பனாரைத் திட்டாதீர்கள். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: "இரவில் பாதுகாப்பான இடம் வேண்டும், பள்ளி தொடர வேண்டும், இருவரும் பிரியக் கூடாது." தண்டனை கேட்டுப் போகும் உறவினர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவதை அந்த வாசலில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு சமூக விசாரணை அறிக்கை. சமூகப் பணியாளரோ அலுவலரோ இரு வீட்டுக்கும் வந்து, அக்கம்பக்கத்திலும் பள்ளியிலும் விசாரிப்பார். 15 நாட்களுக்குள் அது முடிய வேண்டும், குழந்தையை முதலில் நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. தாமதமானால் எழுத்தில் நினைவூட்டுங்கள். விசாரிக்க வருகிறார்கள் என்று வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தேவையில்லை. பிள்ளை எங்கே படுக்கும், எங்கே உட்கார்ந்து படிக்கும், நீங்கள் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், உங்கள் வீட்டிலும் குடிப்பவர் உண்டா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பாதீர்கள்.

இது நடக்கும் காலத்தில் குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

என்ன உத்தரவு வரும்

மேற்பார்வையோடு பெற்றவரிடமே திருப்பி அனுப்பலாம். உங்களைத் "தகுதியான நபர்" என்று ஏற்றுப் பிள்ளையை உங்களிடம் விடலாம். வளர்ப்புப் பராமரிப்புக்கு, அதாவது தத்து இல்லாமல் சில காலம் வளர்க்க, வேறொரு குடும்பத்திடம் அனுப்பலாம். எதுவும் இயலாதபோது குழந்தைகள் இல்லம். இல்லம் என்பது கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. ஆனால் நம் உறவினர்கள் பலர் முதலிலேயே, "ஏதாவது ஒரு ஹோமில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள். சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்ற நல்லெண்ணம்தான். ஆனாலும், தாயை இழந்து தகப்பனையும் பாதி இழந்த பிள்ளைக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். உங்களால் முடியுமா என்று ஒரு முறைக்கு இரு முறை யோசித்த பிறகு இல்லத்தைக் கேளுங்கள்.

பணம்தான் தடை என்றால், மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தின்கீழ் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். விண்ணப்பம் அதே பாதுகாப்பு அலகில்தான். பள்ளி மாற்ற வேண்டியிருந்து, தகப்பனார் மாற்றுச் சான்றிதழ் வாங்கித் தர மறுத்தால் கலங்க வேண்டாம். 6 முதல் 14 வயது வரை, சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009 அப்படிச் சொல்கிறது.

பெற்றவரின் உரிமை போய்விடுமா

எல்லோரும் கேட்கும் கேள்வி. அண்ணனும் நடுங்கிக்கொண்டே இதைத்தான் கேட்டார். அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் குழந்தை அரசின் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை முடித்துவைக்க அரசே மனுப் போட வேண்டும். நம் சட்டத்தில் அப்படி ஒரு கடிகாரம் ஓடவில்லை. குடிக்கிறார் என்ற ஒன்றுக்காக மட்டும் தகப்பன் தகப்பன் இல்லை என்று ஆகிவிடாது. குழு பிள்ளையை அவரிடமிருந்து விலக்கி வைக்கலாம், எவ்வளவு காலம் என்பதையும் தீர்மானிக்கலாம். ஆனால் பெற்றவரிடம் திரும்புவதுதான் சட்டத்தின் முதல் நோக்கம். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும்போதும், குழந்தைக்குத் தீங்கு என்று குழு காரணம் எழுதித் தடுத்தாலொழிய, பெற்றோர் வந்து பார்க்கலாம்.

உரிமை உண்மையில் அறுபடும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. அது ஒப்படைப்புப் பத்திரம். பெற்றவர் குழுவின் முன் பிள்ளையை ஒப்படைத்துக் கையெழுத்திட்டால், மனம் மாற இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. அதன்பிறகு பிள்ளை தத்துக்குப் போகலாம், திரும்பக் கேட்க முடியாது. போதையில் இருப்பவரை, "எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்று உறவினர்கள் நெருக்குவது கொடுமை. அதுபோலவே ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தால் மட்டும் அது சட்டப்படியான தத்து ஆகிவிடாது. பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை.

உத்தரவு உங்களுக்கோ பெற்றவருக்கோ ஏற்புடையதாக இல்லை என்றால் 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு பற்றியது என்றால் கலெக்டரிடம்.

குடிப்பவருக்கு

பிள்ளைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்ற ஆசையே பலருக்குச் சிகிச்சையின் முதல் படி. அதனால் இந்தப் பகுதியைக் குடிப்பவரிடமே படித்துக் காட்டுங்கள், தெளிவாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்து.

நாள்தோறும் அதிகம் குடிப்பவர் வீட்டில் உட்கார்ந்து திடீரென நிறுத்தக் கூடாது. முதல் சில நாட்களில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரும் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வார்கள். அதை வாங்காதீர்கள். மது ஒவ்வாமை உண்டாக்கும் மாத்திரையைத் தெரியாமல் விழுங்கியவர் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

மருத்துவமனைச் சீட்டு, அனுமதி தேதி, தொடர் சிகிச்சைக்குப் போன நாட்கள், வேலைக்குப் போன சம்பளச் சான்று, பிள்ளைகளைப் பார்க்க வந்த நாட்கள் என எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். அண்ணன் சிகிச்சையின் நான்காவது மாதத்தில் ஒரு முறை தவறினார். மறுநாள் காலை அவரே மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டு வாங்கி வந்து குழுவிடம் காட்டினார். குடி ஒரு நோய், நோய் திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர் மறைக்காததை அவர்கள் மதித்தார்கள். பிள்ளைகளை அன்றே அனுப்பவும் இல்லை. இரண்டும் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

திரும்பிப் போகும் நாள்

பிள்ளைகள் என் வீட்டிலிருந்து அண்ணனிடம் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் ஞாயிறு மாலைகள், என் வீட்டில். பிறகு பகல் முழுவதும் அவர் வீட்டில். பிறகு ஓர் இரவு. இப்படிப் படிப்படியாக அனுப்பக் கேளுங்கள். ஒரே நாளில் பையோடு அனுப்பாதீர்கள். குழு பெற்றவரிடம் எழுத்தில் உறுதிமொழி வாங்கும். அதன் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வந்து பார்ப்பார் என்பதையும் உத்தரவில் எழுதச் சொல்லுங்கள்.

மறுபடி குடித்தால் என்ன செய்வது என்று போவதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசினோம், அண்ணனையும் வைத்துக்கொண்டு. குடித்தால் அன்றிரவு பிள்ளைகள் எதிர்வீட்டு அக்காவிடம் படுப்பார்கள், நான் காலையில் வருவேன், அண்ணன் தடுக்க மாட்டார். அவர் வாயாலேயே பிள்ளைகளிடம் அதைச் சொன்னார். மூத்தவள் சாவியை ஒளிக்க வேண்டியதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

புறப்பட்ட அன்று சின்னவனின் பென்சில் டப்பா மூடியின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டினேன். 1098, அதன்கீழ் என் எண், அதன்கீழ் எதிர்வீட்டு அக்காவின் எண். பேனா மை அழியாமல் இருக்க மேலே செல்லோடேப். பத்து நாள் கழித்துப் போனபோது, அடியில் இன்னோர் எண்ணைப் பென்சிலால் அவனே எழுதி வைத்திருந்தான். அப்பாவின் எண்.